கேணிக்கு ஓர் உட்போர்வை

நல்லூருக்கு வருவோர் கந்தசுவாமி கோயிலை வழிபட்டுத் திரும்புவர். அதற்கு அண்மையிலுள்ள யமுனா ஏரியைத் தேடிச் சென்று காண்போர் சிலரே. பெயரால் ஏரியாயினும், 'ப' என்னும் எழுத்தின் வடிவில் கல்லாற் கட்டப்பெற்ற கேணியே அது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து இதிற் கலந்தனர் என்று மரபுவழிச் செய்தி கூறும். 1619 ஆம் ஆண்டில் அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. பின்னர் பழைய கோயில் இடிக்கப்பட்டது. அரண்மனையும் அழிந்தது. கேணி மட்டும் இன்றும் எஞ்சி நிற்கின்றது.

நீரைத் தாங்கும் ஒரு கட்டடம் நெடுநாள் நிலைப்பதற்கு அதன் உட்புறமே காரணம். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இக்காலத்தில் வீட்டு நீச்சற்குளம் வைத்திருப்போரும் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

கேணிக்கும் நீச்சற்குளத்துக்கும் உள்ள வேற்றுமையை முதலிற் காண்போம். நம் ஊர்க் கேணியின் கற்கட்டு நீரைத் தடுப்பதற்கு எழுந்ததன்று. மண் சரியாது தடுப்பதற்கு எழுந்தது. ஊற்று நீர் கீழிருந்து வருகின்றது. கற்களின் இடுக்குகளூடாகவும் கசிந்து வருகின்றது. மாரியில் ஏறுவதும் கோடையில் இறங்குவதும் அதன் இயல்பு. கடலுக்கு அருகே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இவ்வகையினதே. நீச்சற்குளமோ இதற்கு நேர்மாறானது. ஊற்றோடு அதற்கு உறவில்லை. ஊற்றிய நீரை ஒரு துளியும் வெளியே விடாது காப்பதே அதன் கடமை. ஆகவே அதற்கு நீர் புகாத உட்போர்வை ஒன்று வேண்டும்.

இத்தேவை மிகப் பழையது. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. செங்கற்களை இடைவெளியின்றி அடுக்கி, இடையே நிலக்கீல் பூசி, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைக் கசியாது கட்டினர். சுண்ணாம்புச் சாந்தும் சீமெந்தும் பின்னர் அத்தொழிலை ஏற்றன. இன்று பல நாடுகளில் அவ்விடத்தை வைனில் விரிப்பு பிடித்திருக்கின்றது. கடைக்காரர் அதனை 'லைனர்' என்பர். இது பி.வி.சி. என்னும் செயற்கைப் பொருளால் ஆயது. இயல்பில் விறைப்பான அப்பொருளை, 1926 இல் வால்டோ செமன் என்னும் அமெரிக்க வேதியியலார் நெகிழ்விக்கும் திரவத்தோடு சேர்த்துத் துணிபோல் மடங்கச் செய்தார்.

கனடாவில் வாழும் நம் உறவினர் பலருக்கு இவ்விரிப்புப் புதியதன்று; ரொறன்ரோவைச் சூழ்ந்த புறநகர்களிற் பின்வளவுக் குளங்கள் பல இவ்வகையின. யாழ்ப்பாணத்திலும் விடுதிகளில் நீச்சற்குளங்கள் தோன்றிவிட்டன. இல்லத்திலும் ஒன்றமைக்க விரும்புவோர் உளர்.

விரிப்பின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் முதல் முக்கால் மில்லிமீற்றர் வரையே. பத்தாண்டளவில் அது முதுமையடையும். வெயிலும் குளோரினும் அதிலுள்ள நெகிழ்விக்கும் பொருளைச் சிறிது சிறிதாகப் போக்குகின்றன. நிறம் வெளிறும், மேலோரம் சுருங்கிச் சட்டத்திலிருந்து கழலும், ஈற்றில் கைபட்டாலே கிழியும். நீரின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவை 7.2 க்கும் 7.6 க்கும் இடையே பேணினால் அதன் ஆயுள் நீளும்.

குளம் ஒழுகுகின்றதா, வெயிலில் நீர் ஆவியாகின்றதா என்று ஐயம் எழுமாயின், மாணவரும் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வாளியிற் குளத்து நீரை நிரப்பி, அதனைக் குளத்தின் படியில், வாளியின் வாய் நீருக்கு மேலே நிற்குமாறு வைத்து, உள்ளும் புறமும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. ஒருநாள் கழித்துப் பார்க்க. வாளியில் 6 மில்லிமீற்றரும் குளத்தில் 12 மில்லிமீற்றரும் குறைந்திருப்பின், மிகுதி 6 மில்லிமீற்றரும் ஒழுக்கே. 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமுமான குளத்தின் பரப்பு 32 சதுர மீற்றர். எனவே நாளொன்றுக்கு 192 லீற்றர், மாதமொன்றுக்கு 5,760 லீற்றர் நீர் வீணாகின்றது. கோடையிற் கிணறு வற்றும் ஊரில் இது சிறிய இழப்பன்று.

கிழிசல் ஒன்றிரண்டாயின், நீருக்குள்ளேயே ஒட்டத்தக்க வைனில் துண்டும் பசையும் போதும். விரிப்பு முழுதும் விறைத்துவிடின் ஒட்டுப்போடுதல் பயன் தராது, மாற்றியே தீரவேண்டும்.

மாற்றுவதற்கு முன் சிந்திக்கவேண்டியது காலம். குளத்தை வெறுமையாக்குவது எந்நாளும் தீங்கற்றதென்று கருதுதல் ஆபத்தானது. குளம் நிறைந்திருக்கையில் உள்ளிருக்கும் நீர் சுவரை வெளியே தள்ளுகின்றது. சூழவுள்ள மண்ணும் நிலநீரும் உள்ளே தள்ளுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. உள்நீரை இறைத்துவிட்டால் அச்சமநிலை குலைகின்றது. நிலநீர் குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்குமாயின், ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஒரு தொன் விசை கீழிருந்து மேலே உந்தும். மேற்கூறிய குளத்தின் அடித்தளம் முழுவதற்கும் அவ்விசை 32 தொன்னாகும். அதனால் விரிப்பு மிதந்தெழும். சுவர் உட்சரியவுங் கூடும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வாபத்து எப்போது மிகும் என்பதைக் கிணற்றை எட்டிப் பார்ப்பவர் எவரும் கூறுவர். ஐப்பசியில் வலுக்கும் வடகீழ்ப் பருவமழை மார்கழிவரை பொழிய, கிணறுகளில் நீர் மேலேறி நிற்கும். கந்தனுக்குத் திருவிழா நிகழும் ஆடி, ஆவணி மாதங்களிலோ அது நன்கு தாழ்ந்திருக்கும். ஆகவே விரிப்பை மாற்றுவதற்கு அக்கோடைக்காலமே ஏற்றது. வெப்பத்தில் வைனில் இளகி நன்கு விரிந்து கொடுக்கும் என்பதும் ஒரு நன்மை. கனடாவிலும் குளிர் நீங்கி வெயில் ஏறியபின்னரே இவ்வேலையைச் செய்கின்றனர்.

இனி, செய்முறையைக் காண்போம். நீரை இறைத்தபின் பழைய விரிப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அகற்றவேண்டும். அடித்தளத்துப் பள்ளங்களை நிரப்பி மட்டப்படுத்தி, சுவரின் வெடிப்புகளை அடைத்து, துருவைத் தேய்த்து நீக்கவேண்டும். ஒரு சிறு கல் எஞ்சினும் அது புதிய விரிப்பைக் குத்திக் கிழிக்கும். அதன்பின் புதிய விரிப்பின் தடித்த ஓரத்தைச் சுற்றுச் சட்டத்தின் பள்ளத்திற் செருகி, விரிப்புக்கும் சுவருக்கும் இடையேயுள்ள காற்றைப் பொறியால் உறிஞ்சவேண்டும். அப்போது விரிப்புச் சுருக்கமின்றிச் சுவரோடு படியும். அந்நிலையில் நீர் நிரப்பத் தொடங்குவர். நீரின் பாரம் விரிப்பை அழுத்திப் பிடிக்குமட்டும், நீர் வரும் வாய்களுக்கும் விளக்குக்கும் உரிய துளைகளை வெட்டலாகாது. முன்னரே வெட்டின், விரிப்பு இழுபட்டுத் துளை இடம் மாறிவிடும். குளம் வெறுமையாகக் கிடக்கும் நாள்களைக் குறைப்பதும், சிறுவர் அணுகாவண்ணம் வேலியிடுவதும் இன்றியமையாதன.

இத்துணையும் வீட்டுக்காரரின் நலம் பற்றியன. அயலவரின் நலம் பற்றியும் ஒரு கடமை உண்டு. நம் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் துளைகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கலாம் என்பது அறிவியலார் கண்ட விதி. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி குறையும் என்பதே இதன் மறுபக்கம். மதில் கட்டி வளவுகளைப் பிரிக்கலாம். மதிலுக்குக் கீழே ஓடும் நீரைப் பிரிக்க இயலாது. சுன்னாகத்து மின்நிலையச் சூழலிற் கழிவு எண்ணெய் நிலத்திற் சேர்ந்து அயற்கிணறுகளைக் கெடுத்தமையும், 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தமையும் இதற்குச் சான்றாகும்.

எனவே ஒன்றரை மீற்றர் சராசரி ஆழமுள்ள மேற்படி குளத்தின் 48,000 லீற்றர் குளோரின் நீரையும் கிணற்றடியிற் கொட்டிவிடுதல் முறையன்று. மருந்திடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலிற் கிடக்கவிட்டால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். சோதித்து அறிந்தபின் அந்நீரை மரங்களுக்கும் புல்லுக்கும் சிறிது சிறிதாகப் பாய்ச்சலாம். உப்பிட்டு நடத்தும் குளமாயின் அதுவும் ஆகாது. கழற்றிய பழைய விரிப்பைக் குப்பையோடு சேர்த்து வளவில் எரிப்பது பெருந்தீங்கு. பி.வி.சி. எரியும்போது அமில வாயுவும் டையொக்சின் என்னும் நச்சுப் பொருள்களும் எழுகின்றன. துண்டு செய்து சுருட்டி, உள்ளூராட்சி மன்றத்தின் கழிவகற்றுவோரிடம் ஒப்படைப்பதே தகும்.

வீட்டில் நீச்சற்குளம் வேண்டுமா, வேண்டாவா என்பது அவரவர் விருப்பத்துக்கும் வசதிக்கும் உரியது. வேண்டுவோர், அதனை ஒழுகாது காப்பதும் கழிவை அயலாரின் கிணற்றிற் சேராது அகற்றுவதும் தம் கடனென உணர்தல் வேண்டும். ஊருக்குப் பொதுவாகக் கேணி கட்டியோர், மனிதரோடு மாடும் நீர் அருந்தும் என்று எண்ணிப் படி அமைத்தனர். அருகே ஆவுரோஞ்சிக்கல்லும் நட்டனர். நாம் நம் வளவுக்குள் தனியே குளம் கட்டினும், அதன் அடியிலுள்ள நீர் ஊருக்குப் பொதுவானதே.