ஸ்கேனில் தெரியாத வயிற்று வலி

"எண்டாஸ்கோபி எடுத்தாச்சு, ஸ்கேன் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்ங்கிறாங்க. ஆனா சாப்பிட்டா வயிறு உப்புது, சுருட்டிப் பிடிக்குது." இப்படிச் சொல்பவரிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது பெரிய அநியாயம். அந்த வலி உண்மை.

1973-இல் ஜேம்ஸ் ரிச்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்த்தார். 60 மில்லி அளவுக்கு விரிந்தபோது, இப்படி ஸ்கேனில் பிடிபடாத குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது; மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே. பலூன் ஒன்றேதான், அளவும் ஒன்றேதான். ஒருவர் உணராத அசைவு இன்னொருவரைத் துடிக்க வைக்கிறது.

குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை மூளையை நோக்கியே செல்பவை. வயிறு ஓயாமல் சேதி அனுப்புகிறது. அதில் பெரும்பகுதியை மூளை நம் கவனத்துக்கே கொண்டுவருவதில்லை. பயம் வந்தால் அந்த வடிகட்டி தளர்ந்துவிடுகிறது.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் இறங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கல்வராயன் மலையின் வளைவுகளில் நினைத்த இடத்தில் வண்டி நிற்காது. 'இப்போது வயிறு கலக்கினால்?' என்று நினைத்ததுமே மூளை மன அழுத்த வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை முடுக்கிவிடுகிறது. வயிறு நிஜமாகவே கலக்குகிறது. அடுத்த பயணத்தில் அவர் இன்னும் கூர்ந்து கவனிப்பார்; சிறு புரட்டலும் பெரிதாகக் கேட்கும்.

அப்படியானால் உடலைக் கவனிக்காமல் இருப்பதுதான் மருந்தா? இல்லை, இங்கேதான் எனக்கு வியப்பு. 2011-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு இந்நோயுள்ள பெண்களில் ஒரு பிரிவினருக்கு, உடலில் எழும் உணர்வை அஞ்சாமல், 'இதற்குப் பிறகு என்ன ஆகுமோ' என்று ஓடாமல் கவனிக்கும் பயிற்சி தந்தது. மற்றவர்கள் தங்களுக்குள் பேசி ஆறுதல் பெறும் குழுவில் இருந்தார்கள். எட்டு வாரத்தில் பயிற்சி பெற்றவர்களின் உபாதை சுமார் 26 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 6 சதவீதம். கவனம் போகவில்லை, கவனத்தோடு ஒட்டியிருந்த அச்சம்தான் விலகியது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால் கதை வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அவை இல்லாதவர்களுக்கு இன்னொரு செய்தி: மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பயிற்சி பெற்ற அந்தப் பெண்களின் முன்னேற்றம் மங்கவில்லை, 38 சதவீதமாகக் கூடியிருந்தது.