பெயரைப் பார்த்து ஏமாறாதே, அளந்து பார்!
(பழைய இத்தாலியத் துப்பாக்கிக்கு விலை போடுவது எப்படி?)



மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால், "இதை வெச்சு வெளியே என்ன சார் செய்யப் போறோம்?" என்று கேட்காதவர் நம்மில் குறைவு. அதற்கு இத்தாலியில் ஒரு சுவையான பதில் இருக்கிறது. அங்கே அப்பா, தாத்தா வைத்திருந்த பழைய வேட்டைத் துப்பாக்கியைப் பிள்ளைகள் விற்க வருவது சாதாரணம். அதன் உண்மையான மதிப்பைச் சொல்வது மேலே பளபளக்கும் பெயர் அல்ல. குழலில் குத்தியிருக்கும் எண்களும், நம் கையில் இருக்கும் அளவுக் கருவிகளும்தான்.

ஓவர்-அண்டர் என்றால் என்ன?

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இரண்டு குழல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஓவர்-அண்டர் வகையில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். குறி பார்க்க ஒரே கோடுதான் என்பதால், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் இதற்குத்தான் மவுசு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டது இந்த ட்ராப் பிரிவில்தான்.

"12 போர்" என்கிறார்களே, அது என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையுள்ள 12 உருண்டைகள் செய்தால், ஓர் உருண்டையின் விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதுதான் குழலின் உள்விட்டம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

ஒரு பள்ளத்தாக்கின் கதை

வட இத்தாலியில் பிரெஷா நகருக்கு மேலே வால் ட்ரோம்பியா என்றொரு பள்ளத்தாக்கு. அதில் கார்தோனே என்ற சிற்றூர். பெரெட்டா குடும்பம் 1526-ல் வெனிஸ் ஆயுதச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் கொடுத்ததற்கு ஆவணம் இருக்கிறது. பிரெஷாவில் 1957-ல் தொடங்கிய பெராட்சி கம்பெனியின் துப்பாக்கியால்தான் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் என்னியோ மத்தரெல்லி ட்ராப் தங்கம் வென்றார். அடுத்த மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி வந்த எம்.எக்ஸ்.8 மாடலுக்கு இன்றும் கிராக்கி உண்டு. இவை தவிர பிராங்கி, பெர்னார்தெல்லி, ட்ஸோலி, காம்பா என்று பல பெயர்கள்.

சிக்கல் இங்கேதான். ஏற்றுமதியான துப்பாக்கிகளில் வாங்கி விற்ற நாட்டுக் கம்பெனியின் பெயரும் இருக்கும். அமெரிக்காவின் இத்தாக்கா கம்பெனி இத்தாலியின் பெராட்சியையும் விற்றது, ஜப்பானின் எஸ்.கே.பி. துப்பாக்கியையும் விற்றது. இரண்டிலும் இத்தாக்கா என்றே இருக்கும். விலையோ மலைக்கும் மடுவுக்கும்! விவரம் தெரியாத வாரிசு பெராட்சியை எஸ்.கே.பி. விலைக்குக் கொடுத்துவிட்டால் நஷ்டம் அவருக்கு. தேய்ந்த குழலை நல்லது என்று நம்பி ஒருவர் வாங்கிவிட்டால் ஆபத்து அவர் கைக்கும் முகத்துக்கும். ஆகவே வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் திறந்து பார்

எந்தத் துப்பாக்கியானாலும் "காலியாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. பிறகு முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியாக வந்துவிடும். குழல், நடுவிலுள்ள இரும்புப் பெட்டி, முன்கட்டை ஆகியவற்றில் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் எங்கோ பாகம் மாறியிருக்கிறது, விலையும் இறங்கும்.

படி 2: வயதைக் கண்டுபிடி

இத்தாலியில் ஒவ்வொரு குழலும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்க்கப்பட்ட பிறகே வெளியே வரும். அதற்கான முத்திரைகள் முன்கட்டை மறைக்கும் இடத்தில், குழலின் அடிப்பகுதியில் இருக்கும். "பி.எஸ்.எஃப்." என்ற எழுத்துகள் புகையில்லா வெடிமருந்தில் சோதித்தது என்பதைக் காட்டும்.

அங்கேயே சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறி இருக்கும். 1954-க்கு ரோமன் 10, 1964-க்கு ரோமன் 20, 1974-க்கு ரோமன் 30. அதாவது குறியோடு 1944-ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். 1975 முதல் இரண்டு எழுத்துகள்: 1975 "ஏஏ", 1976 "ஏபி" என்று போய், 1990-ல் "ஏஇசட்", 1991-ல் "பிஏ". இடையில் சில எழுத்துகள் விடுபட்டிருப்பதால் விரல் விட்டு எண்ணாமல் அட்டவணையைப் பார்ப்பதே நல்லது. "தாத்தா 1950-லேயே வாங்கினது" என்ற வீட்டுக் கதை இங்கே பல நேரம் உடைந்துபோகும்.

படி 3: குத்தியதையும் அளந்ததையும் ஒப்பிடு

நம்ம பாடம் இதுதான். முத்திரைகளோடு குழலின் உள்விட்டம் (உதாரணமாக 18.4), தோட்டா அறையின் நீளம் (உதாரணமாக 70), குழல்களின் எடை (கிலோவில்) எல்லாம் குத்தியிருப்பார்கள். துப்பாக்கி பிறந்த அன்று எடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை: தராசில் போடுங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் குழலை வெட்டியிருக்கலாம், அல்லது உள்ளே கடைந்திருக்கலாம்.

விட்டம்: போர் கேஜ் வைத்துப் பின்பக்கத்திலிருந்து 9 அங்குலம் தள்ளி அளப்பது பிரிட்டிஷ் வழக்கம். 18.4 என்று குத்திய குழல் 18.7 காட்டினால், துரு, பள்ளங்களை மறைக்கத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். 0.3 மி.மீ. என்றால் "அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் அந்த உலோகம் போனது குழல் சுவரிலிருந்து. பிரிட்டனில் இவ்வளவு விரிந்த குழல் சோதனைத் தகுதியை இழந்ததாகக் கருதப்படும். அப்படியே விற்பது 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சுவர்த் தடிமன்: குழலின் முன்பகுதியில் 0.5 மி.மீ.-க்குக் கீழே போனால் தொழில் தெரிந்தவர்கள் தயங்குவார்கள்.

தோட்டா அறை: 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா சுலபமாக நுழைந்துவிடும். ஏனென்றால் 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். "உள்ளே போகுதே, அப்ப சரிதான்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

சோக்: குழல் வாயின் குறுக்கத்தைச் சோக் என்பார்கள். இத்தாலியர் இதை நட்சத்திரத்தால் குறிப்பார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் முழுக் குறுக்கம். நான்கு என்றால் கால் பங்கு. ஒரு நட்சத்திரம் போட்ட குழலின் வாயில் குறுக்கமே காணோம் என்றால், யாரோ பிற்பாடு கடைந்துவிட்டார்கள்.

படி 4: தேய்மானம்

துப்பாக்கியை மூடியதும் மேல் நெம்புகோல் எங்கே நிற்கிறது? நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் பூட்டு இன்னும் புதுசு. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் தேய்ந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடப்பு இருக்கக் கூடாது. குழல்களைத் தொங்கவிட்டு விரலால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். கரகரவென்றால் குழல்களை இணைக்கும் பட்டையின் பற்றாசு விட்டிருக்கலாம். கட்டையில் விரிசல் இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிதைந்த திருகு கண்டவர் கைபட்ட துப்பாக்கிக்கு அடையாளம்.

படி 5: அலங்காரத்தில் மயங்காதே

பக்கத்தகட்டில் வேலைப்பாடு இருந்தால் "சைடு லாக்" என்று நினைத்துவிடுவார்கள். பெரெட்டாவின் எஸ்.ஓ. வரிசை உண்மையான சைடு லாக். விசைப் பொறி தகட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும், ஆணி முனைகள் வெளியே தெரியும். அதே பெரெட்டாவின் 687 இ.இ.எல்.எல். மாடலிலும் அழகான பக்கத்தகடு உண்டு. ஆனால் அது அலங்காரத்துக்கு. பொறி நடுப்பெட்டிக்குள் இருக்கும். நல்ல துப்பாக்கிதான், ஆனால் விலை வரிசை வேறு. கையால் செதுக்கி, செதுக்கியவர் கையெழுத்தும் இருந்தால் மதிப்பு இன்னும் ஏறும்.

படி 6: விலை

கடைக்காரர் எழுதி வைத்திருக்கும் விலை கேட்கும் விலை. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஏலத்தில் அதே மாடல், அதே நிலையில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதே அடிப்படை. இன்னொன்று: 2023 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலைப் பகுதிகளில் ஈய ரவைக்குத் தடை. வலுவான எஃகு ரவைத் தோட்டாவுக்கு லில்லிப்பூ முத்திரையுள்ள குழல் வேண்டும். பழைய துப்பாக்கிகளில் அது இராது. அதனால் வாத்து வேட்டைக்காரர்களிடம் இவற்றுக்குக் கிராக்கி குறையும்.

இத்தாலியில் உரிமம் பெற்றவருக்குத்தான் விற்க முடியும். நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவோ வாங்கவோ கூடாது. அளக்க ஆசைப்பட்டாலும் அதற்கு உட்பட்டுத்தான்!

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மென்டில் உட்காரப் போகிறோம். பழைய லேத், பாய்லர், லாரி இன்ஜின் என்று எது வந்தாலும் முறை இதுவே. நேம் பிளேட்டைப் படி, பிறந்த அன்றைய அளவைத் தேடு, இன்றைய அளவை எடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்காமல் எழுது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நாம் செய்யும் நியாயம் அதில்தான் இருக்கிறது.