செல்லரித்த ஏடும் இயந்திர வாசகமும்

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்த வ்யாக்யானத்தில் பெரும்பகுதி செல்லரித்து லோபித்துப்போயிற்று. பின்னாளில் மணவாள மாமுனிகள் லோபித்த அந்தப் பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் அருளி, பிள்ளையின் ஏடு எந்த இடத்தில் மீண்டும் தொடங்குகிறதோ அந்த இடத்திலேயே எழுத்தாணியை நிறுத்தினார் என்பது பூர்வர்கள் சொல்லிவரும் வார்த்தை. திருமொழி முழுவதற்கும் தாமே எழுத வல்லவர் அவர், எழுதவில்லை. அதனால்தான் எது பிள்ளையின் வாக்கு, எது மாமுனிகளின் வாக்கு என்று காலக்ஷேபம் செய்பவர் இன்றும் பிரித்தறிய முடிகிறது.

திருக்கோயில்களிலும் மடங்களிலும் பழைய ஆவணங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒழுங்குபடுத்தலாம் என்ற பேச்சு எழுந்துள்ள இந்நாளில், இந்த வார்த்தையை நினைவில் வைப்பது நன்று.

ஒரு ஸந்நிதியின் ஆவணங்கள் என்பவை பலவகையின. ஓலைச்சுவடி, செப்பேடு, கல்வெட்டுப் படி, பசலிக் கணக்கு, திருவாபரணப் பட்டியல், கைங்கர்யபரர்களின் முறை ஏடு, நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் வரலாறு, வழக்கம், சொத்து, ஆவணம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டமும் விதிக்கிறது. திருவரங்கத்தில் இச்செயல் சட்டத்துக்கு மிக முந்தியது. உடையவர் கைங்கர்யபரர்களைப் பத்துக் கொத்தாக வகுத்த செய்தியைக் கோயிலொழுகு வழியாகவே அறிகிறோம். தீர்த்தம் யாருக்கு முதலில், அத்யாபக மிராசு எந்தத் திருமாளிகைக்கு, நந்தவனத்தின் எல்லை எது என்ற கேள்விகள் எழும்போது, ஏட்டின் ஒரு சொல்லே ஒரு குடும்பத்தின் கைங்கர்யத்தை நிலைநிறுத்தும் அல்லது நீக்கும்.

இவ்வியந்திரம் செய்யக்கூடிய பணிகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏட்டின் படத்தைப் பார்த்து அதிலுள்ளதை எழுத்தாக்கித் தரும், பொருள்வாரியாக வகைப்படுத்தும், கேட்ட கேள்விக்கு உரிய பக்கத்தைத் தேடி எடுக்கும். அச்சிட்ட தீர்ப்புகளிலும் தட்டச்சுக் கடிதங்களிலும் இப்பணி பெரும்பாலும் நன்றாகவே அமைகிறது. பசலி 1330, அதாவது 1920-21, கணக்கில் ஒரு கட்டளையின் வரவைக் காண மூன்று நாள் தூசியில் உட்காரும் முதியவருக்கு இது பேருதவி. இதைக் குறைத்துப் பேசுபவர் அந்த அலமாரிகளைத் திறந்து பார்த்தவராக இருக்க மாட்டார்.

ஓலைக்கு வரும்போது நிலைமை வேறு. இயந்திரம் ஏராளமான நூல்களைப் பயின்று, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற மிகுதியைக் கொண்டு படிக்கிறது. ஓலையிலோ பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேற்றுமை இல்லை; இன்று நாம் எழுதும் வேற்றுமை வீரமாமுனிவர் காலத்திற்குப் பின் பரவியது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். ஆகவே ‘பெறு’ என்பதும் ‘பேறு’ என்பதும் ஏட்டில் ஒரே வடிவம். கட்டளைச் சாஸனத்தில் முதலாவது பொருந்தலாம். ரஹஸ்யக்ரந்தத்தில் இரண்டாவதே உயிர்ச்சொல். ‘கொடை’யும் ‘கோடை’யும் அத்தகையனவே. ஸம்ப்ரதாயம் அறிந்தவர் முன்பின் வாக்யங்களைப் பார்த்து நிர்ணயிப்பார். நிர்ணயிக்க இயலாவிடில் பாடபேதம் என்று இரண்டையும் குறிப்பார். இயந்திரம் மிகுதியாகக் கண்ட சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடும். அது ஐயுற்ற இடம் எது என்பது, கேட்டாலன்றி, வெளியே தெரிவதில்லை.

இதைவிடக் கடினம் செல்லரித்த இடம். திருவமுதுபடிக்கு அரிசி இத்தனை நாழி என்ற வரியில் எண்ணிருந்த இடம் துளையாக இருக்கிறது என்று கொள்வோம். மற்ற சாஸனங்களில் இருநாழி என்று பலமுறை கண்ட இயந்திரம் இங்கும் இருநாழி என்று இட்டு நிரப்பிவிடக்கூடும். வாக்யம் அழகாக ஓடும். இலக்கணப் பிழை இராது. படிப்பவருக்கு ஐயமே எழாது. மாமுனிகள் நிறுத்திய இடத்தில் அது நிறுத்துவதில்லை. தான் எழுதியதற்கும் ஏட்டில் உள்ளதற்கும் இடையே கோடும் போடுவதில்லை.

பெயர்களிலும் இடர் உண்டு. உடையவர், எம்பெருமானார், யதிராஜர், இளையாழ்வார் என்ற திருநாமங்களை நால்வராகப் பிரித்துவிடலாம். மறுதலையாக, வானமாமலை மடத்தில் ஜீயர்கள் வழிவழியாக ராமானுஜ ஜீயர் என்ற திருநாமம் பெறுவதால், பல நூற்றாண்டுகளின் ஆசார்யர்களை ஒருவராகச் சேர்த்துவிடலாம். ஆண்டும் அவ்வாறே: ‘பிரபவ’ என்று மட்டும் இருந்தால் அது 1867, 1927, 1987 எதுவும் ஆகலாம், சகாப்தமோ கலியோ பசலியோ உடனிருந்தாலன்றித் துணிய முடியாது. ‘காணி’ என்பது 1/80 என்னும் பின்னம், நில அளவு, பரம்பரை உரிமை என மூன்று பொருளும் தரும். கணக்கு வரியில் பின்னமாக நின்றதை உரிமை என்று பட்டியலிட்டால் விளையும் வழக்கைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆதலால் இப்பணியை மேற்கொள்ளும் ஸ்தாபனம், ஏட்டின் படம், இயந்திரம் படித்த பாடம், ஏடறிந்தவர் திருத்திய பாடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைக்க வேண்டும். திருத்தியவர் பெயரும் நாளும் உடனிருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றை எழுதி அழிப்பது கூடாது. பத்தாண்டு கழித்து வேறொரு வித்வான் முதற்பாடமே ஸரி என்று காட்டக்கூடும். கேள்விக்கு இயந்திரம் தரும் விடையில் சுவடியெண்ணும் ஏட்டெண்ணும் இல்லாவிடில் அதை ஆவணத்தின் வார்த்தையாகக் கொள்ளலாகாது. எண் தந்தாலும் அந்த ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இல்லாத ஏட்டெண்ணைச் சொல்லுதலும் இவ்வியந்திரங்களிடம் காணப்படும் குற்றமே.

யார் பார்க்கலாம் என்பதும் ஆவணக் காப்பின் பகுதி. வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈட்டை நம்பிள்ளை வாங்கித் தம்மிடம் வைத்து, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் தந்தார். நெடுங்காலம் அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கே வந்தது. இன்று ஈடு எல்லார்க்கும் பொது. திருவாபரணப் பட்டியலும் பெட்டகச் சாவியின் விவரமும் அப்படியல்ல. வெளியூர்க் கணினிகளுக்குப் படத்தை அனுப்பிப் படிக்கச் செய்யும் வசதியில் இவற்றைச் சேர்க்காமல், ஸ்தாபனத்தின் உள்ளேயே இயங்கும் கணினியில் வைப்பதே தகும்.

க்ரந்தமும் பழந்தமிழ் எண்ணும் தடையின்றிப் படிப்பவர் இப்போது மிகச் சிலர். அச்சிட்ட தாள்களை இயந்திரம் தேடித் தருவதால் அவர்களுக்கு மிஞ்சும் பொழுதை, இளையவர் இருவர் மூவரை ஏட்டின் முன் உட்காரவைத்துப் பயிற்றுவதற்குக் கொடுக்கலாம். அப்பயிற்சியில் முதல் பாடமாக, எழுத்து அழிந்த இடத்தில் எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று அளந்து அத்தனை புள்ளி இட்டு விடுவதைக் கற்பிப்பது வழக்கமாகட்டும்.