கைதிகள் நாட்டில் ஒரு குடும்பத் தலைவி

ஆஸ்திரேலியா என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட்டும் கங்காருவும்தான். அந்தக் கண்டத்தில் வெள்ளையர் குடியேற்றம் தொடங்கியது ஒரு திறந்தவெளிச் சிறைச்சாலையாக என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நமக்குக் குடியரசு தினமான ஜனவரி 26, அங்கே 1788-ல் முதல் கைதிக் கப்பல்களில் வந்தவர்கள் சிட்னிக் கரையில் கொடியேற்றிய நாள். சிறு திருட்டுக்குக்கூட ஏழாண்டு நாடு கடத்தல் என்று இங்கிலாந்தில் தண்டனை விதித்த காலம் அது.

அந்தக் கைதிகளுக்கு நடுவே, எந்தக் குற்றமும் செய்யாமல், கணவருக்கு அங்கே உத்தியோகம் கிடைத்த ஒரே காரணத்தால் போய் இறங்கியவர் எலிசபெத் மெக்கார்தர் அம்மையார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1766-ம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊர்ப் பாதிரியார் குடும்பத்தின் ஆதரவில் நல்ல கல்வி பெற்றார். 1788-ல் ஜான் மெக்கார்தர் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். கைதிகளைக் காவல் காக்கும் படைப்பிரிவில் ஜானுக்கு லெப்டினன்ட் பதவி கிடைக்கவே, 1790 ஜனவரியில் கைக்குழந்தை எட்வர்டுடன் 'நெப்ட்யூன்' என்ற கைதிக் கப்பலில் புறப்பட்டார்கள்.

அந்தக் கப்பலில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட கைதிகள் வழியிலேயே மாண்டார்கள். பெண் கைதிகளை அடைத்திருந்த இடத்துக்கும் இவர்கள் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதிகாரிகளோடு ஜானுக்குச் சண்டை முற்றி, நடுக்கடலில் 'ஸ்கார்பரோ' என்ற வேறு கப்பலுக்கு மாறினார்கள். வழியில் ஜான் கடுமையாக நோயுற்றார். எலிசபெத்துக்குக் குறைப்பிரசவமாகிப் பெண் குழந்தை இறந்துபோனது. ஜூன் மாதம் சிட்னியில் கால் வைத்தபோது அவருக்கு வயது 23.

68 அடி வீடு

மனம் விட்டுப் பேசக்கூடிய பெண்கள் அங்கே அவருக்கு அநேகமாக இல்லை. ஆனாலும் சோர்ந்து உட்காரவில்லை. டாவ்ஸ் என்ற அதிகாரியிடம் வானசாஸ்திரமும் தாவரவியலும் கற்க முயன்றார். வொர்கன் என்ற மருத்துவர் தாம் கப்பலில் கொண்டுவந்திருந்த பியானோவை வாசிக்கக் கற்றுக் கொடுத்து, ஊர் திரும்பும்போது அதை இவரிடமே விட்டுச் சென்றார். அந்தக் கண்டத்துக்கு வந்த முதல் பியானோ அதுதான்.

1793-ல் பாரமட்டா என்ற இடத்தில் ஜானுக்கு 100 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே செங்கல் வீடு கட்டினார்கள். கட்டுமான வேலை பார்த்த எனக்கு அதன் அளவுகளில் தனி ஆர்வம். முகப்பு 68 அடி, அகலம் 18 அடி; மாடி கிடையாது; நான்கு அறைகள், ஒரு கூடம்; சமையலறையும் வேலையாட்கள் இருப்பிடமும் பக்கத்தில் தனியாக.

அந்தப் பண்ணையில் உழுததும் ஆடு மேய்த்ததும் பெரும்பாலும் கைதிகள். நிலமோ பர்ரமட்டகல் என்னும் பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எலிசபெத் அம்மையாரின் நல்வாழ்வு இந்த இரண்டின் மேலும் எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு

ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். ஏழு பேர் தங்கினார்கள். தோழிக்கு 1798-ல் எழுதிய கடிதத்தில் பூத்துக் குலுங்கும் பழமரங்களைப் பற்றியெல்லாம் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே சரியான பள்ளிக்கூடம் இல்லை. மூத்தவன் எட்வர்டைச் சுமார் எட்டு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1801-ல் ஏழு வயது ஜான் போனான். கடிதம் போய்ச் சேர ஐந்தாறு மாதம். பதில் வர அதே அளவு. காய்ச்சல் என்று பிள்ளை எழுதினால், தாய் படிக்கும்போது அது என்றோ தீர்ந்திருக்கும்.

அந்தச் சின்ன ஜான் அங்கேயே படித்து ஆளாகி, 1831-ல் லண்டனில் காலமானான். ஏழு வயதில் வழியனுப்பிய மகனை அந்தத் தாய் மறுபடி பார்க்கவே இல்லை.

கணவர் இல்லாத ஆண்டுகள்

கணவர் திறமைசாலி, ஆனால் முன்கோபி. 1801-ல் தம் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைக் காயப்படுத்தியதால் விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1805-ல்தான் திரும்பினார். இடையில், 1804 மார்ச்சில், காசில் ஹில் என்ற இடத்தில் கைதிகள் கலகம் செய்தார்கள். செய்தி வந்த இரவில் எலிசபெத் குழந்தைகளோடு படகேறி ஆற்று வழியாகச் சிட்னிக்குத் தப்பிப் போனார்.

1808 ஜனவரி 26 அன்று (மறுபடியும் அதே தேதி!) ராணுவம் கவர்னர் பிளையைக் கைது செய்தது. அதற்கு முன்னின்றவர்களில் ஜானும் ஒருவர். மறு ஆண்டு, பத்து வயது ஜேம்ஸையும் எட்டு வயது வில்லியமையும் அழைத்துக்கொண்டு அவர் லண்டன் போனார். திரும்பி வந்தால் விசாரணை என்ற நிலை. எட்டரை ஆண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்தது.

அத்தனை காலமும் மூன்று பெண் பிள்ளைகளோடு இருந்து பண்ணையை நடத்தியவர் எலிசபெத். மந்தையின் கணக்கு, கம்பளி ஏற்றுமதி, கைதிகளுக்கு வேலை, கூலி, ரேஷன் எல்லாம் அவர் பொறுப்பு. ஜானின் அண்ணன் மகன் ஒருவர் துணையாக இருந்தார். இதில் நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த அறுபது வங்காளச் செம்மறிகளையும் குட்டிகளையும் 1794-ல் ஜான் வாங்கினார். அவர்களுடைய மந்தை அப்படித்தான் தொடங்கியது. மெரினோ ஆடுகள் பிறகு வந்தவை.

1817-ல் ஜான் திரும்பியபோது, கைக்குழந்தையாக விட்டுப் போன கடைக்குட்டி எம்மலினுக்கு ஒன்பது வயது. தந்தையின் முகத்தை அப்போதுதான் அறிந்தாள்.

முதுமையிலும் நிம்மதி கிட்டவில்லை. ஜானின் மனநிலை பாதிக்கப்பட்டு, 1832-ல் புத்தி சுவாதீனமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அந்த மயக்கத்தில் மனைவியையே சந்தேகித்துப் பழி சொன்னார். எலிசபெத் பிரிந்து வாழ வேண்டியதாயிற்று. 1834-ல் ஜான் காலமானார். எலிசபெத் 1850-ல், 83-ம் வயதில் மறைந்தார். அறுபது ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பிறந்த மண்ணை மிதிக்கவில்லை.

ரயில்வேயில் மாற்றல் வரும்போதெல்லாம், பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி ஓர் ஊரிலும் கணவன் வேறோர் ஊரிலுமாக வாழ்ந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறும் நாளில் மாலையும் பாராட்டும் கணவருக்குத்தான். வாடகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் வைத்தியம் என்று தனியாளாகச் சமாளித்தவரை மேடைக்கு அழைப்பது அபூர்வம்.

அங்கேயும் அப்படித்தான். ஆஸ்திரேலியா 1966-ல் வெளியிட்ட இரண்டு டாலர் நோட்டில் ஜான் மெக்கார்தரும் ஒரு மெரினோக் கிடாவும் இடம் பெற்றார்கள். எலிசபெத்துக்கு அதில் இடமில்லை. இவ்வளவுக்கும் லண்டனிலிருந்து எழுதிய கடிதங்களில் ஜானே மனைவியின் உழைப்பை நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார்.

பாரமட்டா வீடு இன்று அருங்காட்சியகம். சிட்னியில் மகனோ மகளோ வேலையாக இருக்கும் அன்பர்கள், அங்கே போகும்போது அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள். வாசலில் உள்ள பெயரையும் படியுங்கள். ஜான் தம் மனைவியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்: 'எலிசபெத் ஃபார்ம்'.