திருமலையில் இறக்கிய முடி

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், ஊர் திரும்பும் வழியில் ரேணிகுண்டாவில் இறங்கித் திருமலைக்குச் சென்று, பிள்ளைகளுக்கு முடியிறக்கி வருவதுண்டு. அங்குள்ள கல்யாணகட்டாவில் இதற்குக் கட்டணமில்லை. வேண்டுதல் அத்துடன் நிறைவேறுகிறது. முடியின் பயணமோ அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

அம்முடி நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்படுகிறது. 2011-இல் தேவஸ்தானம் மின்வழி ஏலத்தை மேற்கொண்டது. தொலைவிலுள்ள வணிகரும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாமாதலால், நாலுபேர் கூடிப்பேசி விலையைத் தாழ்த்துவது எளிதன்று. 2025-26ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டமான சுமார் 5,258 கோடி ரூபாயில், முடி விற்பனையால் எதிர்பார்க்கப்பட்டது ஏறத்தாழ 176 கோடி.

கோயில் முடிக்கு ஏன் இத்தனை கிராக்கி? ஒரே தலையில் ஒரே வேளையில் மழிக்கப்படுவதால், வேர்ப்பக்கம் வேறு, நுனிப்பக்கம் வேறு எனக் கலையாமல் இருக்கும். முடியின் மேற்செதில்கள் ஒரே திசையில் அமையும், சிக்கு விழாது. நீளமான முடி, பொய்முடியாகவும் சவுரியாகவும் வெளிநாடு செல்கிறது. குட்டை முடியும் வீணாவதில்லை. ரொட்டி மாவை இளக்கப் பயன்படும் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தை முடியிலிருந்து பிரித்தெடுக்க இயலும்.

2004-இல் விசித்திரமான தடையொன்று நேர்ந்தது. இந்தியக் கோயில் முடி உருவவழிபாட்டோடு தொடர்புடையது என யூத சமயப் பெரியார் ஒருவர் தீர்ப்பளிக்கவே, ஜெருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் மாதர் தம் பொய்முடிகளைத் தெருவிலிட்டு எரித்தனர். நமக்குக் காணிக்கை என்பதே அவர்களுக்குக் குற்றமாயிற்று!

நம் தெருக்களில் பாத்திரக்காரர் வாங்கும் சீப்புமுடியின் கதை வேறு. அது வேரும் நுனியும் கலந்தது. சிக்கெடுத்துப் பிரிக்கப் பல கைகள் வேண்டும். கர்நாடகத்தின் கொப்பளத்திலும் வங்காளத்தின் முர்ஷிதாபாத்திலும் இவ்வேலையை நம்பிய குடும்பங்கள் பல. பிரிக்காத முடி குறைந்த மதிப்புக் காட்டி எல்லை கடந்துவிட்டால், கூலியும் உடன் போய்விடுகிறது. ஆதலால் 2022 ஜனவரியில் மத்திய அரசு முடி ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2024-இல், கிலோவுக்கு 65 டாலருக்குக் குறைந்த மதிப்புடைய கச்சா முடியை அனுப்பவே தடை விதித்தது. தடை மட்டும் போதாது என்பது என் கருத்து. சிக்கெடுக்கும் பெண்களுக்குக் கூலியை உயர்த்தாமல், வணிகரின் லாபத்தை மட்டும் உயர்த்தினால் என்ன பயன்? கல்யாணகட்டாவில் எடைக்கும் தரத்துக்கும் கணக்கு உண்டு. தெருவில் சீப்புமுடி கொடுக்கும் பெண்ணுக்கோ, தராசு காட்டியதே சரி.