காற்றுக்கும் வெயிலுக்கும் அஞ்சாத மாணிக்கம்

நாஞ்சில் நாட்டின் வானிலை மலர்களிடம் அவ்வளவாகக் கருணை காட்டுவதில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் வெயில் வாட்டும். வைகாசியின் நடுவில் தொடங்கும் மழை ஓய்வதற்குள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று சீறிக்கொண்டு வந்துவிடும். முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தக் காற்றுதான். ஐப்பசியும் கார்த்திகையும் மறுபடி அடைமழைக் காலம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் என்று நாம் பெருமை பேசுகிறோம். பூந்தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் அந்தப் பெருமையின் மறுபக்கத்தைச் சொல்வார்கள்.

பிச்சியும் மல்லிகையும் மென்மையானவை. தொடர்மழையில் அரும்புகள் நிறம் மங்கி உதிரும். மார்கழி, தை மாதப் பனியில் மல்லிகையின் விளைச்சல் சுருங்கி விலை ஏறும். ஆனால் விளைச்சல் குறைந்தது என்பதற்காகக் கோயில் நடை திறக்காமல் இருக்குமா? அதிகாலையில் நிர்மால்யம் களைந்து இறைவனுக்குப் புதுமாலை சாத்தியாக வேண்டும். அத்தகைய நாள்களில் கைகொடுப்பது அரளி.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது தோவாளை. பொழுது புலர்வதற்கு முன்பே அங்கே மலர்ச்சந்தை களைகட்டிவிடும். குமரி மாவட்டத்துக் கோயில்களுக்கு மட்டுமன்றிக் கேரளத்துக்கும் இங்கிருந்து பூ செல்கிறது. ஊரின் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் செக்கர்கிரி சுப்பிரமணிய சுவாமிக்கு மலர் முழுக்கு விழா எடுப்பதும் இவ்வூரின் சிறப்பு. பூவால் வாழும் ஊர், பூவாலேயே முருகனை நீராட்டுகிறது.

இந்தத் தோவாளையின் கைத்திறனுக்குச் சிகரம் மாணிக்க மாலை. செவ்வரளியையும் வெள்ளரளியையும் மடித்து, இடையிடையே பச்சை நொச்சியிலை சேர்த்து, பாய் பின்னியது போலத் தட்டையாக வரிசைபிடித்துக் கட்டுவார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கற்கள் பதித்த அணிகலன் என்றே தோன்றும். திருவிதாங்கூர் மன்னர் ஒருவர் இதைக் கண்டு, மாணிக்கம் போல் இருக்கிறதே என்று வியந்ததால் இப்பெயர் வந்தது என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி. 2025ஆம் ஆண்டில் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த மாலையில் சேரும் பொருள்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரளியும் வேலிச்செடி, நொச்சியும் வேலிச்செடி. போற்றி வளர்க்கும் பாத்திப்பூ எதுவும் அதில் இல்லை. நொச்சி பழந்தமிழருக்குக் காவலின் அடையாளம். பகைவர் முற்றுகையிட்ட மதிலைக் காத்து நின்ற வீரர்கள் நொச்சிப்பூச் சூடினர், அத்திணைக்கே நொச்சி என்று பெயர். வறட்சி, காற்று, மழை மூன்றையும் தாங்கி நிற்கும் இரு செடிகளிலிருந்து நம் மாவட்டத்தின் தலைசிறந்த மாலை பிறந்திருக்கிறது. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆண்டு முழுவதும் கிடைக்கும் பூவில்தானே கை பழகும், கலை வளரும்?

அரளியின் உறுதிக்குக் காரணம் அதன் இலையில் இருக்கிறது. தோல் போல் தடித்த அந்த இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றுக்குள் மெல்லிய மயிர்களின் மறைவில் சுவாசத் துளைகள் ஒளிந்திருக்கின்றன. வறண்ட காற்று அடித்தாலும் உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில், தார் வெப்பத்துக்கும் வண்டிப் புகைக்கும் நடுவே அரளியை நட்டிருப்பதும் இதனால்தான். ஜப்பானில் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீழ்ந்து கருகிய ஹிரோஷிமா மண்ணில் முதலில் பூத்த மலர் என்று போற்றப்படுவதும் அரளியே. இன்று அதுவே அந்நகரத்தின் மலர்.

வழிபாட்டில் அரளியின் இடம் மிகப் பழையது. திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு வெறியாடும் களத்தில் தொங்கவிடப்படும் கணவீர மாலை செவ்வரளி மாலைதான். வள்ளியை முருகன் மணந்த இடமாக நாம் கொண்டாடும் வேளிமலைக் குமாரகோவிலில் செவ்வரளி மாலையைக் காணும்போது எனக்கு நக்கீரர் காட்டும் அந்தக் குறிஞ்சிக் களம் நினைவுக்கு வரும். திருவாரூர்ப் பக்கத்தில் திருக்கரவீரம் என்று ஒரு தலமே இம்மலரின் பெயரால் விளங்குகிறது; சம்பந்தர் பாடிய தலம் அது.

ஆயினும் இம்மலருக்கு இன்னொரு முகமும் உண்டு. சூத்திரகரின் மிருச்சகடிக நாடகத்தில், கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படும் சாருதத்தன் கழுத்தில் கிடப்பதும் இதே கரவீர மாலைதான். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆடுமாடு கடிக்காமல் செடி பிழைத்திருப்பதற்கு அந்த நஞ்சும் ஒரு காரணம். கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளியை வாயிலிட்டு மென்றதால் உயிரிழந்ததாகச் செய்தி பரவியதையடுத்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கலாகாது என்று அறிவித்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் நாம். நம் கோயில்களின் வழிபாட்டு முறைகளிலும் அந்தத் தொடர்பு இன்றும் இருக்கிறது. பூ விற்கும் தோவாளைக்கும் அது அயலூர்ச் செய்தியன்று.

அந்த அறிவிப்பு சரியானதே. அதற்காக அரளியைச் சன்னதியைவிட்டே விலக்க வேண்டும் என்று சிலர் பேசுவதைத்தான் ஏற்க இயலவில்லை. இறைவன் திருமேனியில் மாலையாக இருப்பது வேறு; திருநீற்றோடும் சந்தனத்தோடும் நம் உள்ளங்கைக்கு வருவது வேறு. துளசியை வாயிலிடும் பழக்கத்தில் அரளியையும் வாயிலிட்டுவிடக் கூடாது. பிரசாதத்தில் அரளி இருந்தால் குழந்தைகள் கைக்குப் போகாமல் பெரியவர்கள் எடுத்து வைத்துவிட வேண்டும். வீட்டில் மாலை கட்டினால் கட்டி முடித்ததும் கைகளை நன்கு கழுவ வேண்டும். களைந்த மாலையைக் கால்நடைகள் எட்டும் இடத்தில் போடுவது பெரும் பிழை. உலர்ந்த பின்னும் அதன் நஞ்சு போவதில்லை. அதை எரிக்கவும் கூடாது, புகையும் தீங்கு செய்யும். குழி வெட்டிப் புதைத்துவிடலாம்.

வீட்டில் சிறு குழந்தைகள் இல்லாதவர்கள், வேலியோரம் ஓரடி இடம் இருந்தால் ஒரு செவ்வரளி வைக்கலாம். விதை தேட வேண்டாம். முற்றிய கொம்பொன்றை ஒடித்து மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்பிடிக்கும். முதல் சில வாரங்கள் மட்டும் ஈரம் காய விடாதீர்கள். வேர் ஊன்றிய பின் நீர் ஊற்ற மறந்தாலும் அது பூக்க மறக்காது. செவ்வாயும் வெள்ளியும் முருகனுக்கும் அம்மனுக்கும் ஒரு கைப்பூ கிடைத்துக்கொண்டே இருக்கும்.