பேச்சு பதியவில்லையா? கோட்டைப் பாருங்கள்

கணினியில் பாட்டு கணீரென்று கேட்கிறது. ஆனால் மைக்கில் பேசிப் பதிவு செய்தால் ஒன்றும் பதிவதில்லை. பதிந்தாலும் காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் பேச்சை அமுக்கிக்கொண்டு ஒரே இரைச்சல். ஸ்பீக்கர் வேலை செய்வதால் சவுண்டில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி, மைக்கின் மேல் பழியைப் போட்டுப் புது மைக் வாங்குகிறவர்கள்தான் அதிகம். புது மைக்கும் அதே லட்சணத்தில்தான் பதியும்.

கேட்பதும் பதிவதும் ஒரே சில்லில் நடந்தாலும் இரண்டும் வேறு வேறு பாதைகள். மதர்போர்டின் ஓரத்தில், ஒலித் துளைகளுக்குப் பக்கத்தில், சதுரமாக ஒரு சிறிய சில் இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் அதன்மேல் ஒரு நண்டுப் படம் தெரியும். தைவானின் ரியல்டெக் நிறுவனத்தின் முத்திரை அது. 1997இல் இன்டெல் வகுத்த ஏசி97 முறையும், 2004இல் அதன் இடத்துக்கு வந்த எச்டி ஆடியோ முறையும்தான் தனி சவுண்ட் கார்டு இல்லாமலே எல்லாக் கணினியிலும் ஒலி கேட்க வழிசெய்தன. இந்தச் சில்லிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட். மைக்கிலிருந்து உள்ளே வருவதோ சில மில்லிவோல்ட்தான். இவ்வளவு பலவீனமான ஒன்று எங்கே வேண்டுமானாலும் தொலைந்துபோகலாம்.

எங்கே தொலைந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஆடாசிட்டி போன்ற ஓர் இலவசப் பதிவு மென்பொருள் போதும். பத்து விநாடி பேசிப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்பதற்கு முன்னால், திரையில் ஓடிய கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதை அநேகமாக அந்தக் கோடே காட்டிவிடும்.

எவ்வளவு பெரிதாக்கினாலும் அடிஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் அசையாத நேர்கோடு என்றால், மைக்கைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. மின்சாரம் ஓடும் எந்தச் சுற்றிலும், யாரும் பேசாவிட்டாலும், வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கமும் கோட்டில் இல்லை என்றால் ஒலி அநேகமாக மென்பொருளில்தான் அடைபட்டிருக்கிறது. விண்டோஸில் தனியுரிமைப் பகுதியில் மைக் அனுமதி அணைந்திருக்கலாம். அங்கேயே கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று இன்னொரு அனுமதி இருக்கிறது, அதையும் பாருங்கள். இல்லையென்றால் பதிவுக் கருவியில் மியூட் போட்டிருக்கும். லினக்ஸ்காரர்கள் டெர்மினலில் அல்சாமிக்சரைத் திறந்து எஃப்4 அழுத்தினால் பதிவுப் பகுதி வரும். அங்கே ‘கேப்சர்’ இயங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

மடிக்கணினியில் ஒரு கண்ணாமூச்சியும் உண்டு. வெளி மைக்கைச் செருகியிருப்போம். பதிவதோ திரைக்கு மேலே கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் உள் மைக். அறையின் எதிரொலியோடு தூரத்துக் குரலாகப் பதிவது இதனால்தான். வெளி மைக்கின் தலையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். கோடு துள்ளவில்லை, கேமராவின் ஓரத்தைச் சுரண்டினால் துள்ளுகிறது என்றால் விஷயம் முடிந்தது. பட்டியலில் கருவியை மாற்றிவிடுங்கள்.

கோடு நேராக இல்லாமல் மெல்லிய நடுக்கத்தோடு ஓடுகிறது, பேச்சு மட்டும் அதில் இல்லை என்றால் வேறு கதை. சில் விழித்திருக்கிறது, மைக்தான் அதுவரை வந்து சேரவில்லை. நான் பார்த்தவரை குழப்பம் முழுக்க இங்கேதான்.

ஹெட்செட்டிலும் காலர் மைக்கிலும் இருப்பது எலெக்ட்ரெட் வகை. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கியது. மின்னேற்றத்தை நிரந்தரமாகப் பிடித்துவைத்திருக்கும் ஒரு மெல்லிய படலம் குரலுக்கு ஏற்ப அதிர்கிறது. அந்த அதிர்வை மின்குறிப்பாக வெளியே அனுப்ப உள்ளேயே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் இருக்கிறது. படலத்துக்கு வெளி மின்சாரம் வேண்டாம், டிரான்சிஸ்டருக்கு வேண்டும். அதைக் கொடுப்பது கணினியில் மைக்குக்கென்று இருக்கும் இளஞ்சிவப்புத் துளைதான். ஒலியை வாங்கிக்கொள்ளும் அதே துளை, சில வோல்ட் நேர்மின் அழுத்தத்தை மைக்குக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே அளக்கலாம். பழைய ஸ்டீரியோ பிளக் ஒன்றைச் செருகி, பதிவை ஓடவிட்டு, நடு வளையத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வோல்ட் வரை காட்டும். பதிவு ஓடாதபோது சில போர்டுகள் அதை நிறுத்திவைக்கும். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

கைபேசிக்கு வாங்கிய மைக் மேசைக் கணினியில் ஊமையாவது ஏன் என்பதும் இதில் விளங்கிவிடும். பிளக்கில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் மூன்று முனை, மூன்று என்றால் நான்கு முனை. கைபேசி ஹெட்செட்டின் நான்கு முனைகளில் நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது பொதுத் தரை, அடிப்பாகம்தான் மைக். கணினியின் இளஞ்சிவப்புத் துளையோ ஒலியை நுனியில் எதிர்பார்க்கிறது. நான்கு முனைப் பிளக்கை அதில் அழுத்திச் செருகினால் மைக் தொட வேண்டிய இடத்தைத் தொடவே தொடாது. பதிவில் ஏதோ கேட்டாலும், அது இயர்போனே தலைகீழாக மைக் வேலை பார்ப்பதாக இருக்கலாம்! பழைய சில கைபேசிகளில் தரையும் மைக்கும் இடம் மாறி இருந்தன. அந்தக் காலத்து ஹெட்செட்டுகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. இதற்கு மருந்து ஒரு ‘ஒய்’ வடிவப் பிரிப்பான்: ஒரு பக்கம் நான்கு முனைத் துளை, மறுபக்கம் ஹெட்போனுக்குப் பச்சைப் பிளக்கும் மைக்குக்கு இளஞ்சிவப்புப் பிளக்கும். ஒரே துளை உள்ள மடிக்கணினிக்கு இது தேவையில்லை, அந்தத் துளையே நான்கு முனைக்கானது. அங்கே சிக்கல் தலைகீழ்: மூன்று முனை மைக்கை நேரடியாகச் செருகினால் கணினி அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொள்ளும்.

மேடையில் பயன்படும் டைனமிக் மைக்குக்கு இந்த மின்சாரம் வேண்டாம், ஆனால் அது கொடுப்பதே 1, 2 மில்லிவோல்ட்தான். பெரிய பிளக்குக்கு மாற்றி போட்டு ஆன்போர்டு துளையில் செருகலாம், கெடுதல் இல்லை. குரல் மெலிந்துதான் வரும். ஸ்டூடியோ கன்டென்சர் மைக் 48 வோல்ட் கேட்கும் வகை. அதை 3 வோல்ட் துளையில் செருகச் சொல்லி ஒரு கேபிளையும் சேர்த்து விற்பது எனக்குச் சரியான வியாபாரமாகத் தோன்றவில்லை.

பின்பக்கத் துளையில் வேலை செய்து முன்பக்கத்தில் செய்யாவிட்டால் கேபினெட்டைத் திறக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து வரும் ஒயர் மதர்போர்டில் 9 ஊசி கொண்ட ஓர் இடத்தில் செருகப்பட்டிருக்கும். பழைய கேபினெட்டுகளில் அதே ஒயர் இரண்டு தலைகளாகப் பிரிந்து, ஒன்றில் எச்டி ஆடியோ, இன்னொன்றில் ஏசி97 என்று எழுதியிருக்கும். கடைக்காரர் ஏசி97 தலையை மாட்டியிருந்தால், துளையில் ஏதோ செருகப்பட்டது என்ற செய்தியே சில்லுக்குப் போகாது. தலையை மாற்றிச் செருகுங்கள். ஏசி97 மட்டுமே இருக்கிறதென்றால் ரியல்டெக் அமைப்பில் முன்பக்கத் துளையைக் கண்டறியும் வசதியை அணைத்துவிடலாம்.

பேச்சு பதிகிறது, கோடு மட்டும் சன்னமாக இருக்கிறது என்றால் விண்டோஸின் பதிவுக் கருவிப் பண்புகளில் ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ என்று ஒன்று இருக்கும். அதில் 20 டெசிபல் ஏற்றினால் 10 மடங்கு, 30 ஏற்றினால் 30 மடங்குக்குச் சற்று மேல். இரைச்சலும் அதே மடங்கு ஏறும். முதலில் மைக்கை வாயருகே கொண்டுவந்துவிட்டு, போதாததற்கு மட்டும் பூஸ்ட்டைத் தொடுங்கள். இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் என்ற வசதிகள் கூட்டத்தில் பேசுவதற்கு நல்லவை, பாடுவதற்கு ஆகாதவை. இடைவிடாமல் ஒரே சீராக வரும் ஒலியை அவை இரைச்சல் என்றே கணக்கிடும். இணையவழிப் பாட்டு வகுப்பில் சுருதிப் பெட்டி சில விநாடிகளில் தேய்ந்து காணாமல் போவது அதனால்தான்.

கோடு தடித்த பட்டையாக ஓடி, ‘ம்ம்ம்’ என்ற உறுமல் கேட்டால் அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். உறுமல் நின்றால் அநேகமாக எர்த் சரியில்லை. மேசைக் கணினியின் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? அதுவும் இதே கோளாறு. எர்த் இல்லாதபோது பவர் சப்ளையின் வடிகட்டிகள் வழியாகக் கசியும் மின்னழுத்தம் கேபினெட்டில் ஏறி நிற்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு துளை மாற்றியில் போட்டு ஓட்டாதீர்கள். பதிவு கெடுவது இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்வது முதல் வேலை.

இத்தனைக்குப் பிறகும் மெல்லிய சீறல் மிஞ்சினால் அது ஆன்போர்டு சவுண்டின் எல்லை. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்க, மில்லிவோல்ட் குரலை இதைவிடச் சுத்தமாகப் பிடிக்க மலிவான போர்டுகளால் முடியாது. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது; ஆன்போர்டு சில்லை முழுதாக ஒதுக்கிவிட்டுத் தன் சொந்தச் சில்லில் அது பதிவு செய்யும். அதை வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் உங்கள் மைக்கின் பிளக்கில் எத்தனை கறுப்பு வளையங்கள் என்று எண்ணிக்கொண்டு போங்கள். மூன்று என்றால் நான்கு முனைத் துளை உள்ள கார்டைக் கேட்டு வாங்குங்கள்.